சிவப்புப் பொட்டு இல்லாத பியூஸ்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் கரண்ட் ஆபீஸ். வைத்தவர் மாமனார். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். யாருக்காவது ஒரு பெயர் வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. எழுப்ப எழுப்ப எழுந்திருக்காத பேத்திக்குக் 'கடைசி ஸ்டாப்' என்று பெயர். வேன் ஓட்டுகிற மகன், எந்தப் பேச்சையும் ஆரம்பித்துவிட்டுப் பின்வாங்குகிறவன் என்பதால் 'ரிவர்ஸ் கியர்'. மருமகளுக்கு மட்டும் பல வருஷமாகப் பெயர் அமையாமலே இருந்தது. வெந்நீர்ச் சண்டை ஆரம்பித்த பிறகுதான் அது வந்தது. வந்ததும் பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டது.

பெயரில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் ஆளில்லாத இடத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த நடைவழியில் ஒரு பல்பு இருந்தது. நாலடி நடப்பதற்கு எதற்கு வெளிச்சம் என்று அதையும் அவளே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த நடைவழிச் சுவரில்தான் பியூஸ் பலகையும் இருந்தது. பழைய கட்டடம், பழைய பலகை. வெள்ளைப் பீங்கானில் செய்த பியூஸ் கட்டைகள் பல் வரிசை மாதிரி செருகியிருக்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். அங்கே வெந்நீர் நாள் முழுக்க ஓடும். முகம் துடைத்த ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போட்ட துண்டுகள் மலைபோலக் குவியும். அத்தனையும் ஆவி பறக்கிற தண்ணீரில் புரண்டு, வடிகாலில் புகை கிளம்பும். அந்த வடிகாலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அங்கே கழித்துப் போட்ட கிழிசல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஹீட்டரிலிருந்து குழாய்க்கு வரும் பைப் முழுக்கச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். தண்ணீர் வரும் வழியில் சூடு ஆறக் கூடாதாம். பார்த்தால் கால் ஒடிந்து கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருக்கும். குளிப்பதற்கும் சட்டம் போட்டாள். ஒருவர் ஈரக்காலோடு வெளியே வரும்போது அடுத்தவர் தோளில் துண்டோடு வாசலில் நிற்க வேண்டும். ஹீட்டர் ஒரு தடவைதான் சூடாகும், இரண்டாம் தடவை என்ற பேச்சே கிடையாது.

இதையெல்லாம் கேட்டால் பிறவிக் கருமி என்று தோன்றும். அப்படி இல்லை. மாமனாரின் நுரையீரல் கெடும்வரை அவளும் ஊரில் எல்லோரையும் போல வெந்நீரில் குளித்துவிட்டு, பில் வந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டுக் கட்டுகிறவள்தான். பஸ் கக்கிய புகையும் அவராக இழுத்த புகையும் சேர்ந்து அவருடைய நெஞ்சைச் சல்லடையாக்கிவிட்டன. டாக்டர் ஓர் ஆக்சிஜன் மெஷினை எழுதிக் கொடுத்தார். ஒரு சின்னப் பெட்டி உயரத்துக்குக் கட்டில் ஓரமாக நிற்கும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, மூக்கில் மாட்டிய குழாய் வழியாக அனுப்பும். இரவு பகல் ஓட வேண்டும். ஓடியது. கரண்டையும் குடித்தது. அது வந்த பிறகு வந்த முதல் பில்லைப் பார்த்துவிட்டு அவள் கணவன் வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

மெஷினில் கை வைக்க முடியாது. கை வைக்கக்கூடியது வெந்நீர் ஒன்றுதான். அதனால் அவள் வெந்நீரின் மேல் பாய்ந்தாள்.

காரணத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'நீங்க மூச்சு விடுறதுக்குத்தான் மாமா இவ்வளவு செலவு' என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு வருமா? அதனால் வெந்நீரில் குளித்தால் முடி கொட்டும், தோல் வறளும் என்று வாயில் வந்ததை அளந்தாள். மகள் முறைத்தாள். மாமனார், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, தனக்கு அந்தப் பயம் இல்லை என்றார். தன் மகன் வீட்டில் வெந்நீருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் கேட்டும் கேட்காதவள் போல இருந்தாள். கெட்ட பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சட்டம் போட்டால் மீறுகிறவர்களும் இருப்பார்கள். அவள் வேலைக்குப் போனதும் மகள் தலைக்குக் குளிக்க ஹீட்டரைப் போடுவாள், அணைக்க மறப்பாள். மாமனார் மத்தியானம் முகம் கழுவப் போடுவார்; அவரும் மறப்பார். சாயங்காலம் அவள் வந்து பார்க்கும்போது ஹீட்டரின் சிவப்பு விளக்கு அவளைப் பார்த்து இளிக்கும். கண்கொத்திப் பாம்பாக எத்தனை நாள் காவல் காப்பது? ஒருநாள் காலை, ஹீட்டரின் பியூஸ் கட்டையையே பலகையிலிருந்து பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அடையாளத்துக்கு அதன்மேல் மகளுடைய நகச்சாயத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. தினமும் காலையில் பியூஸ் அவளோடு போகும், சாயங்காலம் அவளோடு வரும். சோற்று டப்பாவோடு பியூஸ் கட்டையைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போன பெண் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

அடுத்த பில் இறங்கியது. அவள் நினைத்ததைவிட நன்றாகவே இறங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவன் முதல் தடவையாகப் பாராட்டினான். ஹோட்டலில் துண்டு மடிக்கிற மேஜையில் இந்தக் கதையை அவள் சொல்லிச் சொல்லியே, கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் அவரவர் வீட்டுப் பலகையைப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றுதான் அவளை உறுத்தியது. மெஷின் வந்தும் மாமனார் தேறவில்லை. கால் வீங்கியது. உதட்டில் ஒரு கருப்பு படர்ந்தது. கடைசியாகப் போனபோது டாக்டர் பரிசோதனைத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெஷின் எப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் அவள் முந்திக்கொண்டு, இரவு பகலாக ஓடுகிறது, குளிக்கிற நேரம் தவிர நிறுத்துவதே இல்லை என்று அடித்துச் சொன்னாள். மாமனார் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் ராத்திரியில் எழுந்து எழுந்து அவருடைய மூச்சைக் கேட்டாள்.

அன்றைக்குக் காலையில் நல்ல குளிர். கணவன் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். மகளுக்குப் பரீட்சை, அவளைக் கிளப்பி அனுப்புவதற்குள் இவளுக்குத் தாமதமாகிவிட்டது. மாமனார் குளியலறையில் இருந்தார். வழக்கம்போல மெஷினை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அவள் இருட்டு நடைவழியில் நின்று, ஒரு கையால் செருப்பை மாட்டிக்கொண்டே மறுகையால் பலகையைத் தடவி, பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டாள். மூக்குக் குழாயை மறக்காமல் மாட்டிக்கொள்ளும்படி குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து, "ரைட், ரைட், வண்டி போலாம்" என்று பதில் வந்தது. படி இறங்கி ஓடினாள்.

ஹோட்டலில் டீக்கு விட்டபோது சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டப்பாவுக்குப் பக்கத்தில் பியூஸ் கட்டை கிடந்தது. வெறும் வெள்ளையாக.

நகச்சாயம் உரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிவப்பு ஒரு துளிகூட இல்லை. இது ஹீட்டருடையது இல்லை.

மெஷினுக்கென்று தனி லைன் இழுத்தபோது, எலக்ட்ரீஷியன் அதன் பியூஸை ஹீட்டர் பியூஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையத்தான் இடம். அவளுடைய கை இருட்டில் ஒரு கட்டை தள்ளிப் போயிருக்கிறது.

மாமனார் குளித்து முடித்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டிலுக்கு வந்திருப்பார். மெஷினைப் போட்டிருப்பார். அது ஓடாது. கரண்ட் இல்லையென்றால் அது தெருவுக்கே கேட்கும்படி அலறும் என்று மெஷினைக் கொண்டுவந்தவர் சொல்லியிருந்தார். அலறுகிற மெஷினுக்கு முன்னால், மூச்சுக்குத் திணறிக்கொண்டு, வீட்டில் அவர் ஒருவர். மூலையில் அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதன் திருகு இறுக்கம், கணவனைத் தவிர யாராலும் திறக்க முடியாது. பிறகு சரிசெய்யலாம் என்று எல்லோருமே விட்டிருந்தார்கள்.

போன்களைப் பெட்டியில் பூட்டி வைப்பது அங்கே விதி. சாவி பூட்டில் நுழையவில்லை. மூன்றாம் தடவைதான் திறந்தது. மாமனாருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. கணவன் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். மகளுடைய போன் பரீட்சைக்காக அணைந்திருந்தது. மேல்மாடி அக்கா எடுத்தாள். ஆனால் அவளும் வேலையில் இருந்தாள், வீட்டிலிருந்து வெகுதூரத்தில். மேற்பார்வை பார்க்கிற அம்மாளிடம் போய், பியூஸ் கட்டையை நீட்டினாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள்.

பஸ் ஊர்ந்தது. அன்றைக்கென்று எல்லா நிறுத்தத்திலும் நின்றது. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் அவள் பியூஸை நீட்ட, அவர் அதைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். கழுத்தில் பை தொங்கிய அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெந்நீருக்குக் கணக்குப் பார்த்து மாமனாரின் மூச்சைப் பிடுங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அவரே அப்படி நினைத்துக்கொண்டு போய்விட்டால்? தினமும் சண்டை போட்டவள்தானே, வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று அந்தக் கடைசி நேரத்தில் அவருக்கு ஒரு கணம் தோன்றியிருந்தால்? அதை நினைத்தபோது உட்கார முடியாமல் எழுந்து படிக்கட்டில் போய் நின்றாள். இனி யார் எத்தனை நேரம் ஹீட்டரைப் போட்டாலும் வாய் திறக்கமாட்டேன், வீடே வெந்நீரில் மிதக்கட்டும், அவர் மட்டும் இருந்தால் போதும் என்று யாரிடம் என்று தெரியாமல் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

தெருமுனையில் இறங்கி ஓடினாள். மெஷின் அலறுகிறதா என்று காதைத் தீட்டினாள். தெருவில் எங்கோ மரம் அறுக்கிற சத்தம். மாடிப்படி ஏறினாள். கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அலறி அலறி ஓய்ந்துவிட்டது என்று நினைத்தாள். கதவைத் திறக்காமல் இப்படியே நின்றால் எதுவும் நடக்காததாக ஆகிவிடாதா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

திறந்தாள். கூடத்து ஜன்னல் ஓர நாற்காலியில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, முகவாய் நெஞ்சில் பட அவர் உட்கார்ந்திருந்தார். அசைவில்லை. "மாமா" என்று கூப்பிட்டாள்.

தலை மெல்லத் திரும்பியது.

"என்ன கரண்ட் ஆபீஸ்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "அரை நாள்லயே மூடிட்டாங்களா?"

உதடு கருத்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தோள் ஏறி இறங்கியது. ஆனால் சிரித்தார். அவள் உள்ளறைக்கு ஓடி, மெஷினின் பொத்தானை அழுத்தினாள். உடனே அது வீடே அதிரும்படி அலறியது. வழியெல்லாம் அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டு வந்த அதே அலறல். அப்போதுதான் பியூஸ் தன் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. நடைவழிக்கு ஓடி, தடவிப் பார்த்து, கட்டையைப் பலகையில் செருகினாள். அலறல் நின்றது. மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அவள் அங்கேயே சுவரில் சாய்ந்தாள். இப்போது அழுத்திய பிறகுதானே அலறியது? அப்படியென்றால் இதுவரை அது நிறுத்தித்தான் இருந்திருக்கிறது. அறைக்குத் திரும்பிப் பார்த்தாள். மூக்குக் குழாய் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. தடுமாறி எறிந்தது இல்லை. பொறுமையாக, தினமும் செய்து பழகிய கை, ஒரு சுற்றுப் பிசகாமல் சுருட்டியது.

குழாயை எடுத்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இன்னிக்கு மட்டுமா, தினமுமா?" என்று கேட்டாள்.

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"போன் அடிச்சேனே மாமா. காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எழுந்து போய் எடுத்தா மூச்சு வாங்கும். அதான் விட்டுட்டேன்."

"தினமுமா?"

"நீங்க எல்லாரும் கிளம்பினதும் நிறுத்துவேன். நீ வர்ற நேரத்துக்குப் போட்டுடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அசையாம உக்காந்தா சமாளிக்கலாம். பழகிட்டுது."

அவளுக்குப் பில் ஞாபகம் வந்தது. நினைத்ததைவிட நன்றாக இறங்கிய பில். அதைத் துண்டு மடிக்கிற மேஜையில் வைத்துப் பெருமையடித்தது. டாக்டரிடம் முந்திக்கொண்டு பேசியது. இறங்கியது வெந்நீரால் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, இந்த மனிதர் தன் மூச்சை மிச்சம் பிடித்திருக்கிறார்.

அவளுக்கு வந்தது கோபம்தான். அவர் யாரைக் கேட்டு இப்படிச் செய்தார், நாங்கள் என்ன சாகச் சொன்னோமா, கால் வீங்கினதற்கும் உதடு கருத்ததற்கும் ராத்திரி முழுக்கப் பயந்து கிடந்தது யார் என்று படபடவென்று கொட்டினாள். கொட்டிக்கொண்டே அழுதாள்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் கடைசியில். "முடி கொட்டும், தோல் வறளும்னு கதை சொன்னே. இந்த மெஷின் குடிக்குது, அதுக்காக ஆறிப்போன தண்ணியில குளிக்கிறீங்க. அந்தப் புள்ள காலையில பல்லு கிட்டிக்க வெளியே வருது. நான் படுத்துக்கிட்டுப் பாக்குறேன்ல? நீ பியூஸைப் பிடுங்குறே, நான் சுவிட்சை அணைக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தானே பாக்குறோம்."

அவள் குனிந்து குழாயை அவர் மூக்கில் மாட்டி, காதைச் சுற்றிப் போட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முகத்தை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. கன்னம் ஜில்லென்று இருந்தது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர் சொன்னார்: "காலையில நீ போனப்புறம் சும்மா ஹீட்டர் சுவிட்சைத் தட்டிப் பாத்தேன். சிவப்பு லைட் எரிஞ்சுது. பயந்துபோய் உடனே அணைச்சுட்டேன்."

அவள் குளியலறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டாள். தண்ணீர் சூடானதும் வாளி நிறையப் பிடித்து வந்து அவருடைய வீங்கிய கால்களை அதில் வைத்தாள். பாதி வாளி போதுமே என்றார் அவர். பேசாமல் இருங்கள் என்றாள்.

மறுநாளே மாமனாரோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். டாக்டர் திட்டினார், இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டினார். ஆனால் நோய் முற்றுகிறது என்ற பேச்சை எடுக்கவில்லை, மெஷினைச் சரியாக ஓட்டிவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். சிலிண்டர் திருகைக் கணவன் சரிசெய்தான். நடைவழியில் பல்பு திரும்ப வந்தது. பியூஸ் இரண்டும் பலகையை விட்டு நகர்வதில்லை. பில் பழையபடி ஏறியது, கணவன் பழையபடி செருப்போடு உட்கார்ந்தான். அவள் ஞாயிற்றுக்கிழமையும் ஹோட்டலுக்குப் போகிறாள். கட்டுப் போட்ட பைப் அப்படியேதான் இருக்கிறது, வரிசைச் சட்டமும் இருக்கிறது. அவள் மட்டும் கடைசியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள். கேட்டால் தோலுக்கு நல்லது என்கிறாள். யாரும் நம்புவதில்லை.

டீக்கு விட்டதும் பெட்டியைத் திறந்து வீட்டுக்குப் போன் அடிப்பாள். மாமனார் எடுப்பார், ஒன்றும் பேசமாட்டார். போனை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். உறுமல் கேட்கும். ஆனால் உறுமலை மட்டும் அவள் நம்புவதில்லை. மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்தாலும் அப்படித்தான் கேட்கும். அவர் அதையும் செய்யக்கூடிய ஆள். ஓடுகிற மெஷின் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். அது வரும்வரை போனைக் காதில் அழுத்திக்கொண்டு, தானும் மூச்சு விடாமல் நிற்பாள். வந்ததும் போனைப் பூட்டி வைத்துவிட்டுத் துண்டு மடிக்கப் போவாள்.